ஆறாவது வாரத்தில் குடல் சுவர் சொன்னது: ஒரு குரோன் நோயாளியின் நிகழ்வு ஆய்வு

அந்த இளைஞர் என்னிடம் முதலில் வந்தது ஒரு கார்த்திகை மாதம். வயது 24. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஒன்பது மா நிலம் உள்ள குடும்பம். அறுவடைக் காலத்தில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டப் போவார். தஞ்சாவூருக்கு வடுவூர் வழியாக வரும் பஸ்ஸில் இரண்டு இடங்களில் இறங்கி ஒதுங்கிவிட்டு, அடுத்தடுத்த பஸ் பிடித்து வந்து சேர்ந்ததாக அவருடைய அம்மா சொன்னார். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது எனக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளை மாற்றவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு இரண்டு இடங்களில் பார்வை தவறியது. இரண்டும் படத்தில் இருந்தன. எழுதுவதற்கு அதுவே காரணம்.

பதினான்கு மாதங்களாக வலது அடிவயிற்றில் வலி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தொடங்கும். வயிறு உப்பி, உள்ளே ஏதோ உருண்டு ஓடுவது போல் இருந்து, பிறகு தளரும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மலம். மாலையில் லேசான காய்ச்சல். எடை 58 கிலோவிலிருந்து 46 ஆகியிருந்தது. வேறோர் இடத்தில் குடல் காசநோய் என்று சொல்லி ஆறு மாத மருந்து கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் கொஞ்சம் தேறி, இரண்டு கிலோ கூடி, பிறகு மறுபடியும் சரிந்திருக்கிறார்.

அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அந்த மூலையில் புண் என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோயைத்தான். குடலில் நெடுநாள் அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயும் அதே மூலையைத்தான் விரும்புகிறது. 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கில் குரோனும் அவருடைய இரு சகாக்களும் இந்த நோயை விவரித்தபோது, சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் நோய் என்றே எழுதினார்கள். இரண்டு நோய்களும் புண்ணாக்கும், சுருக்கும், எடையைக் குறைக்கும். காசநோய் மருந்து தொடங்கியதும் குரோன் நோயாளியும் சில வாரங்கள் தேறியது போல் தோன்றுவது உண்டு. அதனால் நோயாளியின் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. புண் ஆறியதா என்று உள்ளே பார்க்க வேண்டும். இவருக்கு ஆறு மாத மருந்து முடிந்த பிறகு யாரும் உள்ளே பார்க்கவில்லை.

நாங்கள் பார்த்தோம். கொலோனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நீளவாக்கில் புண்கள். பெருங்குடலில் அங்கங்கே சிறு புண்கள், நடுவே நல்ல தோல். சதைத் துண்டில் காசநோய்க்குரிய அழுகல் மையம் கொண்ட கட்டிகள் இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையிலும் கிருமி இல்லை. ஹீமோகுளோபின் 9.1, இரத்தப் புரதமான அல்புமின் 2.8, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 48, மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் 1,450. முழு ஆறு மாதக் காசநோய் மருந்துக்குப் பிறகும் ஆறாத புண்கள். குரோன் நோய் என்று முடிவு செய்தோம்.

முதல் படம்

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சிறுகுடல் விரிந்து தெரிவதற்காக நோயாளி முன்கூட்டியே ஒரு லிட்டருக்கும் மேல் கரைசல் குடிக்க வேண்டும். 46 கிலோ எடையில், குடல் சுருங்கிய ஒருவருக்கு அது சிறிய வேலை இல்லை. இரண்டு மணி நேரம் அம்மா பக்கத்தில் அமர்ந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்.

படத்தில், பெருங்குடல் வாயிலிருந்து மேல்நோக்கி 11 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல் நோய்ப்பட்டிருந்தது. சுவர் தடித்திருந்தது. அதைச் சுற்றிக் கொழுப்பு படர்ந்திருந்தது. அந்தக் கொழுப்பின் வழியே இரத்தக் குழாய்கள் சீப்புப் பற்கள் போல வரிசையாக நின்றன. நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன, ஆனால் எதிலும் நடு அழுகிய தோற்றம் இல்லை. அது இருந்திருந்தால் காசநோயின் பக்கம் மீண்டும் திரும்பியிருப்போம். பெருங்குடல் வாயை ஒட்டிய 4 சென்டிமீட்டர் குறுகியிருந்தது. அதற்கு மேலே குடல் 24 மில்லிமீட்டருக்கு விரிந்திருந்தது. குடலிலிருந்து வேறெங்கும் புரையோடவில்லை.

இந்தப் படத்தை நோயறிவதற்காக மட்டும் எடுக்கவில்லை. எங்கள் முன்னால் இருந்த கேள்வி வேறு: இவ்வளவு விலையுள்ள ஊசி மருந்தைத் தொடங்கினால் குடல் கேட்குமா, கேட்காதா?

குறுகிய குடலுக்கு மருந்து கொடுப்பது வீண், நேராக அறுவைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் பல காலம் இருந்தது. பிரான்சில் நடந்த கிரியோல் ஆய்வு அதைக் கொஞ்சம் அசைத்தது. சிறுகுடல் குறுகி, அடைப்பின் தொந்தரவோடு இருந்த 97 குரோன் நோயாளிகளுக்கு அந்த ஊசி மருந்தான அடாலிமுமாப் கொடுத்தார்கள். 24ஆவது வாரத்தில் 64 சதவீதம் பேர் வேறு சிகிச்சை தேவைப்படாமல் நன்றாக இருந்தார்கள். யார் தேறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல எம்.ஆர்.ஐ. உதவியது: குறுகல் 12 சென்டிமீட்டருக்குள் இருப்பது, மேலே உள்ள குடல் 18 முதல் 29 மில்லிமீட்டர் வரை அளவாக விரிந்திருப்பது, புரை இல்லாதது, சாயம் செலுத்திச் சற்று நேரம் கழித்து எடுக்கும் படத்தில் சுவர் நன்றாக ஒளிர்வது. எங்கள் நோயாளிக்கு இவை அனைத்தும் பொருந்தின. தொந்தரவு தொடங்கி ஐந்து வாரத்துக்குள் இருப்பதும் நல்ல அறிகுறி என்று அதே ஆய்வு சொன்னது. இவருக்கோ பதினான்கு மாதம். அதை நான் அப்போது லேசாகக் கடந்துபோனேன்.

அந்த ஒளிர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் பார்சிலோனாவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, அறுவையில் வெட்டியெடுத்த குடல்களை முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டது. சாயம் போட்ட 70ஆவது நொடியிலிருந்து ஏழாவது நிமிடம் வரை ஒளி கூடிக்கொண்டே போகும் குடலில் தழும்பு மிகுதி என்று அது கண்டது. ஆக, தாமதமாக ஒளிரும் சுவரை ஓர் ஆய்வு நம்பிக்கையாகப் படிக்கிறது, மற்றது தழும்பாகப் படிக்கிறது. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே. அழற்சியும் தழும்பும் ஒரே சுவரில் பின்னிக்கிடப்பதால் வரும் சிக்கல் இது. ஒரு படத்தில் ஒரு முறை பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். அடுத்தடுத்த படங்களில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கும்போதுதான் பிரிகிறது. இந்த ஒன்றை இந்த இளைஞரின் குடல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. சி.டி.யை அப்படி எடுக்கக் கூடாது. 24 வயதுக்காரருக்குக் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சுவது அல்ட்ராசவுண்ட். டெல்டாவில் எந்தச் சிறிய நகரத்திலும் இருக்கும் அதே இயந்திரம். ஐரோப்பாவில் குடல்நோய் மருத்துவர்களே நோயாளியின் கட்டிலருகே கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே கருவிலிருக்கும் பெண் குழந்தைகளைக் காக்க 1994இல் வந்த சட்டத்தின்படி, இயந்திரம் பதிவு செய்த இடத்தில், பதிவு பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதனால் நான் ரேடியாலஜிஸ்ட் அறைக்குப் போகிறேன். அவர் அளக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

குடலை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது, வாயு மறைத்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறை மருத்துவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நோய்ப்பட்ட குடலில் வாயு குறைவு. தடித்த சுவர் நன்றாகவே தெரியும். எங்கள் ரேடியாலஜிஸ்ட் இதைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டவர். முதலில் வலது இடுப்புக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாயைக் கண்டுபிடிப்பார். அதைத் தாண்டி வருவதுதான் சிறுகுடலின் கடைசிப் பகுதி. தோலுக்கு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் உயர் அதிர்வெண் கருவியை வைத்து மெல்ல அழுத்தி, சுவரின் வெளி விளிம்பிலிருந்து உட்தோல் முடியும் கோடு வரை அளப்பார். நீளவாக்கில் இரண்டு, குறுக்குவாக்கில் இரண்டு, நான்கின் சராசரி. 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. பிறகு டாப்ளர் போட்டுச் சுவருக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்த்து, லிம்பெர்க் முறையில் 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்.

முதல் நாள் அறிக்கையில் அவர் எழுதியது: சுவர் 7.4 மில்லிமீட்டர், டாப்ளர் 3, அடுக்குகள் கலைந்துள்ளன. இது நோய்ப்பட்ட பகுதியிலேயே மிகத் தடித்த இடத்தின் அளவு. அதைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடத்தையே அளந்தோம். வாயை ஒட்டிய அந்த 4 சென்டிமீட்டருக்கு நான் தனி அளவு கேட்கவில்லை. ஆனால் அவர் எல்லாக் காட்சிகளையும் சேமித்து வைத்திருந்தார். அது பிறகு எங்களைக் காப்பாற்றியது.

ஆறாவது வாரம்

அடாலிமுமாப் தொடங்கினோம்: முதலில் 160 மில்லிகிராம், இரண்டாவது வாரம் 80, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40. இந்த வகை மருந்துகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பது 2001 முதலே தெரிந்த விஷயம். அதனால் மார்புப் படமும் இரத்தச் சோதனையும் பார்த்துவிட்டே தொடங்கினோம். ஊசி வேலை செய்யும் வரை தாங்குவதற்கு ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 5 குறைத்து, எட்டு வாரத்தில் நிறுத்துவதாகத் திட்டம். துணைக்குக் கொடுத்த, நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதியோப்ரினை மூன்றாவது வாரமே நிறுத்த நேர்ந்தது. வெள்ளணுக்கள் 2,600க்கு இறங்கிவிட்டன. ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இவரிடமும் இருந்தது.

ஊசியைக் குளிரிலேயே, 2 முதல் 8 டிகிரிக்குள், வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் வீண். கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதியைச் சேர்ந்தவர்களிடம் இதைச் சொல்லும்போது தயக்கமாக இருந்தது. அவருடைய அப்பா அதிகம் பேசாமல் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் வாங்கினார். ஒவ்வொரு முறையும் ஊசியை எங்களிடமே கொண்டுவந்து போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆறாவது வாரம் பொங்கலுக்கு மறுநாள்களில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வலி பெரும்பாலும் இல்லை. மலம் இரண்டு முறை. எடை மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. சி.ஆர்.பி. 48 இருந்தது 9 ஆகியிருந்தது. "ஐயா, பிள்ளை பொங்கல் சாப்பிட்டான். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்" என்று சொல்லும்போது அம்மாவின் கண்கள் நிறைந்தன. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது, இயந்திரம் ஓட்டப் போகலாமா என்று அந்த இளைஞர் கேட்டார்.

ஸ்கேனில் சுவர் 6.9 மில்லிமீட்டர். டாப்ளர் அதே 3.

நான் அந்த அறையிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். 7.4இலிருந்து 6.9 என்றால் ஏழு சதவீதக் குறைவு. இந்த வகை ஊசி தொடங்கிய குரோன் நோயாளிகளை ஆம்ஸ்டர்டாமில் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் சுவர் 18 சதவீதம் குறைந்தவர்களுக்கே பிறகு உட்புண் குறையும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இவருக்கு அந்தக் கணக்கில் சுவர் 6.1க்கு வந்திருக்க வேண்டும். சிறிய ஆய்வுதான். ஆனால் ஜெர்மனியில் 47 இடங்களில் 234 குரோன் நோயாளிகளைப் பின்தொடர்ந்த டிரஸ்ட் ஆய்வும், மருந்து கேட்கும் குடலின் சுவர் மாதங்களுக்குள் மெலிவதை 2017இலேயே காட்டியிருந்தது. பெருங்குடல் புண் நோயில் இன்னும் வேகம். இரண்டாவது வாரத்திலேயே சுவர் மெலிவது தெரியும்.

நான் என்ன செய்தேன்? அரை மில்லிமீட்டர் அளப்பவரின் கைக்குள் அடங்கும் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் அளவில் பிழை இருக்கலாம் என்பது, நன்றாகக் குறைந்திருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. நாளுக்கு 15 மில்லிகிராம் ஸ்டீராய்டு அப்போதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பசியும் எடையும் சிரிப்பும் சி.ஆர்.பி.யின் இறக்கமும் அதன் வேலையாக இருக்கலாம் என்று நான் எண்ணியிருக்க வேண்டும். கால்ப்ரொடெக்டின் சோதனையை அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளினேன். ஏற்கெனவே செலவு மிகுதி என்று தோன்றியது. அந்தத் தாயின் முகத்துக்கு முன்னால் மில்லிமீட்டர் கணக்குப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இயந்திரம் ஓட்டப் போகச் சொன்னேன்.

பங்குனியில்

ஸ்டீராய்டு நின்று ஆறு வாரம். பதினான்காவது வாரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தார். இரவு முழுவதும் வாந்தி. வயிறு கல் போல உப்பியிருந்தது. சி.ஆர்.பி. 36. சுவர் 7.5, டாப்ளர் 3. மேலே உள்ள குடல் 27 மில்லிமீட்டர். ஆறாவது வாரத்தில் எழுதப்பட்ட அறிக்கை கோப்பில் அப்படியே இருந்தது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு, குடலுக்கு ஓய்வு கொடுத்து, மூன்றாம் நாள் அடைப்பு தளர்ந்தது. அடுத்த ஊசிக்கு முன்பு இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தோம்: 2.4. குறைந்தது 7.5 இருக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகவில்லை. அழற்சி மிகுந்து, அல்புமின் குறைந்த உடலில் இந்த மருந்து விரைவாகக் கரைந்து வெளியேறும். மெலிந்த, நெடுநாள் நோயுற்ற உடலுக்கு வழக்கமான அளவு போதவில்லை. மருந்து தோற்றது என்று முடிவு கட்டி வேறு மருந்துக்குத் தாவியிருந்தால் ஒரு நல்ல மருந்தை அவசரத்தில் இழந்திருப்போம். வாரம் ஒரு முறை 40 மில்லிகிராம் என்று மாற்றினோம். இந்த முறை ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. குழாய் எடுத்தபின் சில வாரங்கள் திரவச் சத்துணவு மட்டும்.

இந்த முறை நான் எதையும் தள்ளிப்போடவில்லை. ஆறு வாரம் கழித்து, சித்திரை இறுதியில் சுவர் 5.8. இருபத்து மூன்று சதவீதக் குறைவு. டாப்ளர் 2. அப்போது அவர் சொன்னது என்ன தெரியுமா? "பெரிய மாற்றம் இல்லை, சார். வலி அப்படியேதான் இருக்கிறது." தையில் உடம்பு நன்றாக இருக்கிறது என்றார், சுவர் இல்லை என்றது. சித்திரையில் அவர் இல்லை என்றார், சுவர் ஆம் என்றது. தையில் அவரை நம்பினேன். சித்திரையில் சுவரை நம்பினேன். வாரம் ஒரு முறை ஊசி என்று மாற்றிய பன்னிரண்டாவது வாரத்தில் 4.2. கால்ப்ரொடெக்டின் 1,450இலிருந்து 210க்கு வந்தது. டாப்ளர் 1.

மருந்து கேட்கிறது என்பதில் இனி ஐயமில்லை. இருந்தும் அவருக்குச் சாப்பிட்டபின் வலி தீரவில்லை. இது எனக்குப் புரியவில்லை.

அப்பா கேட்ட கேள்வி

ஜூன் மாதத் தொடக்கம். மேட்டூர் அணை வழக்கமாக 12ஆம் தேதி திறக்கும் என்பதால், ஊரில் வாய்க்கால் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா அதில் பாதியை விட்டுவிட்டு வந்திருந்தார். சுவர் இவ்வளவு மெலிந்திருக்கிறது, இன்னும் வலி இருப்பது ஏன் என்று தெரியவில்லை என்று நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"மதகு சரியாகிவிட்டதா என்று நாங்கள் மதகைப் பார்த்துச் சொல்ல மாட்டோம், ஐயா. மேலே தேங்கி நின்ற தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்ப்போம். இவனுக்கு மேலே தேங்கியது வடிந்ததா?"

வடியவில்லை. மேலே உள்ள குடல் 24இலிருந்து 27 ஆகி, அன்றைய ஸ்கேனில் 31 ஆகியிருந்தது. அறிக்கையின் கடைசி வரியில் அது இருந்தது. நான் தடிமனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து, கார்த்திகையிலிருந்து சேமித்த காட்சிகளை எல்லாம் வரிசையாக ஓடவிட்டோம். வாயை ஒட்டிய 4 சென்டிமீட்டரைத் தனியாக அளந்தார். முதல் நாள் 6.6. ஆறாவது வாரம் 6.5. பங்குனியில் 6.6. சித்திரையில் 6.4. ஜூனில் 6.3. அந்தத் துண்டில் டாப்ளர் முதல் நாளிலிருந்தே 1க்கு மேல் போனதில்லை. மேலே உள்ள 7 சென்டிமீட்டரில் இரத்தம் பொங்கிக்கொண்டிருந்தபோதும் இந்த 4 சென்டிமீட்டர் ஸ்கேன் படத்தில் கறுத்து, விறைத்து, குடல் அசைவு வரும்போதும் அசையாமல் நின்றது. எம்.ஆர்.ஐ.யைத் திறந்து பார்த்தோம். மேல் பகுதி சாயம் போட்டதும் பளிச்சென்று ஒளிர்ந்தது. கீழ்த் துண்டு மெல்ல மெல்ல ஏறி, கடைசிப் படத்தில்தான் முழு ஒளிக்கு வந்தது. பார்சிலோனா ஆய்வு சொன்ன அதே நடை.

ஒரே குடலில் இரண்டு துண்டுகள். ஒன்று அழற்சியால் தடித்தது. தேவையான அளவு மருந்து கிடைத்ததும் இறங்கியது. மற்றது தழும்பால் தடித்தது. எந்த அளவு மருந்துக்கும் அது இறங்கப்போவதில்லை. முதல் நாள் மிகத் தடித்திருந்த இடத்தின் ஒரே எண்ணைப் பின்தொடர்ந்ததால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டேன். கிரியோல் ஆய்வின் நல்ல அறிகுறிகள் பெரும்பாலும் மேல் துண்டுக்கு உரியவை. பதினான்கு மாதத் தொந்தரவு என்ற கெட்ட அறிகுறி கீழ்த் துண்டுக்கு உரியது.

அப்பாவிடம் அவருடைய மொழியிலேயே சொன்னேன். மதகுக்கு முன்னால் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது, அதை மருந்து அகற்றிவிட்டது. மதகின் கட்டுமானமே இடிந்து உள்ளே சரிந்திருக்கிறது, அதற்குக் கொத்தனார்தான் வர வேண்டும். அவர் தலையை மட்டும் அசைத்தார். மகன் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. ஊசி வேலை செய்கிறதே, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். அவருடைய உடல், அவருடைய முடிவு. நார் மிகுந்ததையும் மெல்லக் கடினமானதையும் தவிர்க்கச் சொல்லி அனுப்பினோம்: வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, தேங்காய்ச் சில்லு.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் காப்பரிசி கொடுத்திருக்கிறார்கள். ஊறிய அரிசி, வெல்லம், தேங்காய்ப் பல். ஒரு வருடமாக எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று விலக்கிய பிள்ளை, ஒரு கைப்பிடி. அன்று இரவே வந்துவிட்டார்கள். மேலே உள்ள குடல் 34 மில்லிமீட்டர். அந்தத் துண்டு 6.2. மேல் பகுதியின் சுவர் 3.3, ஏறக்குறைய இயல்பு.

அறுவை

அடைப்பு தளர்ந்து, உணவில் தேறி, அல்புமின் 3.6க்கு வந்தபின் ஆவணியில் அறுவை நடந்தது. ஸ்டீராய்டு இல்லாத உடல். அறுவை மருத்துவருக்கு அது பெரிய நிம்மதி. கார்த்திகையில் அறுவைக்கு அனுப்பியிருந்தால் 11 சென்டிமீட்டர் நோயையும் அதற்கு மேல் விளிம்பையும் வெட்டியிருக்க வேண்டும். இப்போது மேல் பகுதி ஆறியிருந்தது. சிறுகுடலில் 6 சென்டிமீட்டரும் பெருங்குடலின் தொடக்கமும் மட்டும் எடுத்து இணைத்தார்கள். வாழ்நாளில் இன்னொரு முறை அறுவை தேவைப்படக்கூடிய நோய் இது. மீதமிருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அவருக்கு நாளைய சேமிப்பு. அந்த வகையில் கீழ்த் துண்டில் தோற்ற மருந்தும் வீணாகவில்லை.

சதைப் பரிசோதனையில் தசை அடுக்கு பல மடங்கு தடித்து, அதற்கு மேலே நார்த்திசு அடர்ந்திருந்தது. அழற்சி அணுக்கள் மிகக் குறைவு. டாப்ளரில் ஒளி வராததற்குக் காரணம் அந்தக் கண்ணாடித் துண்டில் இருந்தது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் வழக்கத்தில் சில மாற்றங்கள் வந்துள்ளன. மருந்து தொடங்கும் முன்பு, குறுகிய துண்டையும் தடித்த துண்டையும் தனித்தனியாக அளக்கிறோம். மேலே உள்ள குடலின் விரிவை முதல் வரியில் எழுதுகிறோம். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் அதே கை, அதே இயந்திரம், அதே இடம். சதவீதத்தை நோயாளியின் முன்னாலேயே கணக்கிட்டு அவருடைய நோட்டிலும் எழுதுகிறோம். ஸ்டீராய்டு அன்று எவ்வளவு என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கும். "குடல் சுவர் தடித்துள்ளது" என்று மட்டும் எழுதி வரும் அறிக்கைகளை நான் இப்போது திருப்பி அனுப்பி, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிறேன். எண் இல்லாத அறிக்கையை ஆறு வாரம் கழித்து எதனோடு ஒப்பிடுவது?

இதை மிகையாக நம்பவும் கூடாது. சுவர் முழுவதும் ஆறுவதை, அடைந்தே தீர வேண்டிய இலக்காக 2021இன் பன்னாட்டு வழிகாட்டுதல்கூட அறிவிக்கவில்லை. உட்புண் ஆறுவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய துணை அளவாகவே வைத்தது. நோயின் போக்கை முன்கூட்டியே சொல்வது எவ்வளவு கடினம் என்பதை பிரிட்டனில் 386 பேரிடம் நடந்த புரொஃபைல் ஆய்வு 2024இல் காட்டியது. நம்பிக்கையோடு தேர்ந்தெடுத்த இரத்தக் குறிப்பான் அதில் யாருக்கு எது பொருந்தும் என்று பிரித்துக் காட்டவில்லை. தொடக்கத்திலேயே வலுவான மருந்து பெற்றவர்கள் பொதுவாக மேலாக இருந்தார்கள்: ஸ்டீராய்டும் அறுவையும் இன்றி நோய் அடங்கியிருந்தவர்கள் அவர்களில் 79 சதவீதம், மருந்து படிப்படியாக ஏற்றப்பட்டவர்களில் 15 சதவீதம். அந்த எண்களைப் பார்க்கும்போது இந்த இளைஞரின் பதினான்கு மாதங்கள் எனக்கு நினைவுக்கு வரும். அந்த 4 சென்டிமீட்டரும் ஒரு காலத்தில் வெறும் அழற்சியாகத்தான் இருந்திருக்கும். காசநோய் மருந்தின் இரண்டாவது மாதத்தில் ஒரு முறை உள்ளே பார்த்திருந்தால், மதகு இடிவதற்கு முன்பே போயிருக்கலாம்.

மாசியில், அறுவை முடிந்து ஆறு மாதத்தில், இணைப்பைக் கொலோனோஸ்கோபியில் பார்த்தோம். புண் இல்லை. அல்ட்ராசவுண்டில் இணைப்புக்கு மேலே சுவர் 2.6 மில்லிமீட்டர். மேலே விரிவு இல்லை. எடை 61. ரேடியாலஜிஸ்ட் எண்ணைச் சொல்லச் சொல்ல, அப்பா தன் சட்டைப் பையிலிருந்த சிறிய நோட்டை எடுத்து 7.4 தொடங்கி வரும் வரிசையின் அடியில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, மேலே தேங்கல் எவ்வளவு என்று அதையும் கேட்டு எழுதினார். ஊசிப் பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி மூவரும் கிளம்பினார்கள்.